தானே புயல் சாய்த்த பலாவில் ஒரு மீன் தொட்டி

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் எத்தனை விழுந்தன என்று அப்போது யாரும் எண்ணி முடிக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று. ஆனால் அது தாத்தா வைத்த மரம். விறகுக்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது அப்பா கொடுக்க மறுத்துவிட்டார். அடுத்த வருடம் மில்லுக்கு ஏற்றி ஒன்றரை அங்குலத் தடிமனில் பலகையாக அறுத்து, மாட்டுக் கொட்டகைப் பரண் மேல் அடுக்கி வைத்தார். எதற்கு என்று கேட்டால், “இருக்கட்டும்” என்பார்.

பன்னிரண்டு வருடம் இருந்தது. அப்பாவும் இல்லை, மாடும் இல்லை. 2024 பிப்ரவரியில் கொட்டகையைப் பிரித்தபோது பன்னிரண்டு பலகைகள் இறங்கின. ஒன்பது அங்குல அகலம், எட்டரை அடி நீளம். மேலே சாம்பல் நிறம், அழுக்கு, பல்லி முட்டை. இழைப்புளியை ஒரு இழுப்பு இழுத்ததும் உள்ளே மஞ்சள். பலா மரத்துக்கு அந்த நிறம் உடம்பிலேயே உண்டு. புத்த பிக்குகளின் துவராடைக்குச் சாயம் காய்ச்சியது இந்த வைரத்திலிருந்தும்தான், அதாவது மரத்தின் முற்றிய நடுப்பகுதியிலிருந்து. ஈரக்கையோடு சீவலை அள்ளிவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

எங்கள் பக்கத்துப் பலா தஞ்சாவூருக்கு வீணையாகப் போகும், மிருதங்கக் கட்டையாகப் போகும். அதைப் போய் மீன் தொட்டியாக்குகிறாயே என்று ஊரில் இரண்டு பேர் கேட்டார்கள். வீணைக்குப் போகும் கட்டை பலகையாக அறுக்காத முழுக்கட்டை, அதைக் குடைந்து எடுப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டேன்.

தரையில் குழி தோண்டாமல் ஏன் மரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும்? தோட்டத்தில் எங்கே தோண்டினாலும் ஒரு அடிக்குள் மற்றொரு பலாவின் வேர் வருகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, குனிய முடியாது. பக்கத்து வீட்டு ஆடுகளுக்கு எங்கள் வேலி ஒரு பொருட்டே இல்லை. உட்காரும் உயரத்தில் விளிம்பு இருந்தால் மூன்றுக்கும் சரியாக வரும். எட்டடி நீளம், நாலடி அகலம், தண்ணீர் இரண்டடி ஆழம் என்று முடிவு செய்தேன். 64 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 1,800 லிட்டர், அதாவது 1.8 டன். ஒரு பக்கத்துக்கு மூன்று பலகை அடுக்கினால் 27 அங்குலம் வரும், மேலே மூன்று அங்குலம் மிச்சம். கணக்கு பலகைக்காகவே போட்டதுபோல வந்து விழுந்ததில் எனக்கு ஏக குஷி. அந்தக் குஷியில்தான் முக்கியமான கணக்கைப் போடாமல் விட்டேன்.

எங்கள் ஆசாரி கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்தவர், கை சுத்தம். அவருக்கும் தொட்டி இதுதான் முதல் தடவை. பலகையைப் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிர் நிறம்.

“தம்பி, இதுல வெள்ளை இருக்கு. வைரம் இல்ல. கழிச்சிடுங்க.”

“உள்பக்கம் போட்டா தெரியாதுல்ல அண்ணே?”

“தெரியாது. கரையானுக்குத் தெரியும்.”

பலகை குறைகிறதே என்று அதையும் சேர்க்கச் சொன்னேன். வடக்குப் பக்கம், அடி வரிசை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் தொட்டி மூன்று நாளில் முடிந்தது. நாலு மூலையிலும் மூன்றுக்கு மூன்று அங்குலத் தூண். பலகையை வெளியிலிருந்து தூணில் வைத்து மூன்று அங்குல ஆணியும் ஸ்க்ரூவும் அடித்தோம். தூண் கண்ணுக்குத் தெரியாது, வெளியே நாலு பக்கமும் வழுவழுவென்று பலகை மட்டும். பார்க்க ஒரு பெரிய நகைப்பெட்டி மாதிரி இருந்தது. அப்படித்தான் வேண்டும் என்று நான்தான் கேட்டேன், பழி ஆசாரி மேல் இல்லை.

பூச்சுக்கு முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய். படகுக்கு அடிப்பது, கரையான் கிட்ட வராது. முந்திரி உடைக்கும் ஆலைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு என்பதால் கறுப்பாக, தார் மாதிரி, கேனில் கிடைக்கும். கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசாமல் உட்கார மாட்டார்கள் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இருந்தும் ரப்பர் கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு அரைக்கைச் சட்டையோடு இறங்கினேன். கையுறை முடிந்த இடத்திலிருந்து முழங்கை வரை மறுநாள் கொப்புளம். தோல் உரிந்து கறுத்துப் போக இரண்டு வாரம் ஆனது. அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, “இந்த ஊர்ல பொறந்தவனாடா நீ” என்றார். பூசுகிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள், வெயில் இறங்கிய பிறகு பூசுங்கள். நன்றாகக் காயப் பத்து நாள் விடுங்கள், மீனுக்கு இந்த எண்ணெய் ஆகவே ஆகாது. தண்ணீர் மரத்தைத் தொடாமல் இருக்க உள்ளே ஷீட் வரப்போகிறது என்றாலும் ஈரமாக இருக்கும்போது அவசரப்பட வேண்டாம்.

ஷீட்டுக்கு நான் அலையவில்லை. பண்ணைக்குட்டை வெட்டிய ஒருவரிடம் 500 மைக்ரான் கறுப்பு ஷீட் துண்டு மிச்சம் இருந்தது. அளவு கணக்கு எளிது. நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, விளிம்பில் மடிக்கப் பக்கத்துக்கு ஒரு அடி சேர்க்க வேண்டும். 8 + 4 + 2, ஆக 14 அடி. அகலத்துக்கு 4 + 4 + 2, ஆக 10 அடி. இந்த ஷீட் விறைப்பானது, காலையில் மடித்தால் முரண்டு பிடிக்கும். உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் விரித்துப் போட்ட பிறகு பேச்சுக் கேட்டது. மூலையை வெட்டக் கூடாது. மிச்சத்தை முக்கோணமாகச் சேர்த்துப் பக்கச் சுவரோடு சாய்த்து மடிக்க வேண்டும். கோயிலில் தொன்னை மடித்துப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மரத்துக்கும் ஷீட்டுக்கும் நடுவே உறுத்தாமல் இருக்க ஒரு மெத்தை தேவை. வீட்டில் பரணில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று கிடந்தது. தங்கச்சி மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அடித்தது. நடுவில் அவள், ஓரத்தில் தாய்மாமன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு நான். படம் மரத்தைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். “என்னை மட்டும் கிழிச்சுக் குடு மாமா, நீ வேணா உள்ள இரு” என்றாள். வெட்டிக் கொடுத்தேன். நான் உள்ளே இருக்கிறேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை மோட்டார் போட்டேன்.

தண்ணீர் ஒரு அடி ஏறும் வரை எல்லாம் அழகு. ஒன்றேகால் அடியில் ஒரு முனகல் கேட்டது. கயிற்றுக் கட்டிலில் யாரோ புரண்டு படுப்பது மாதிரி. மரம் புது இடத்தில் படிகிறது என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு ஒரு நூலை எடுத்து நீளப் பக்கத்தின் அடிப்பலகையின் இரு முனைகளிலும் ஒரே கனமுள்ள கட்டைத் துண்டை வைத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் பலகை நூலைத் தாண்டி வெளியே வந்திருந்தது. கட்டையை எடுத்துவிட்டு விரலால் அளந்தேன். ஒரு விரல். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்து மறுபடி அளந்தால் இரண்டு விரல். அதற்குள் தண்ணீர் ஒன்றரை அடிக்கு வந்துவிட்டது. மூலைக்குப் போனேன். ஆணித்தலைக்கும் மரத்துக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆணி ‘டிக்’ என்று இன்னும் கொஞ்சம் எழுந்தது. யாரோ உள்ளேயிருந்து பிடுங்குகிற மாதிரி.

ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன். தோட்டக் குழாயைத் தண்ணீரில் முக்கி, வாயால் உறிஞ்சி, வாழைப்பாத்திக்கு இறக்கிவிட்டேன். அன்றைக்கு வாழைக்கு யோகம்.

சாயங்காலம்தான் போடாத கணக்கைப் போட்டேன். 1.8 டன் எடையைத் தரை தாங்கிக்கொள்ளும், அதைப்பற்றிக் கவலையில்லை. பக்கவாட்டில் தள்ளும் விசைதான் விஷயம். இரண்டடி ஆழம் என்றால் எட்டடிச் சுவரின் மேல் மொத்தமாகச் சுமார் 450 கிலோ. ஆறேழு ஆட்கள் உள்ளேயிருந்து தோள் கொடுத்துத் தள்ளுவதற்குச் சமம், அதுவும் இரவு பகல் ஓயாமல். இந்தத் தள்ளல் மேலிருந்து கீழ்வரை சமமாக இருக்காது. மேலே ஒன்றும் இல்லை, அடியில் அதிகம். மொத்த விசையும் தரையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், அதாவது எட்டு அங்குலத்தில், அழுத்துவதாக எடுத்துக்கொள்ளலாம். ஆழம் பாதியானால் விசை கால் பங்காகிவிடும். அதனால்தான் ஒரு அடி வரை தொட்டி எனக்கு நல்லபிள்ளையாகத் தெரிந்தது.

இரண்டாவது, வளைவு. பலகையை இரு முனையில் மட்டும் பிடித்தால் நடு எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து நீளத்தைப் பாதியாக்கினால் வளைவு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகும். நான் எட்டடிக்கும் ஒரு தாங்கல்கூட வைக்கவில்லை. முழு ஆழம் நிரப்பியிருந்தால் ஒன்றரை அங்குலப் பலா இரண்டு அங்குலத்துக்கு மேல் பிதுங்கியிருக்கும் என்று கணக்கு வந்தது. விரல் அளவோடு ஒத்துப்போனதில் அல்ப சந்தோஷம்.

மூன்றாவதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. தூணை உள்ளே வைத்துப் பலகையை வெளியே அடித்திருக்கிறேன். தண்ணீர் வெளியே தள்ளுகிறது. அப்படியானால் பலகையைத் தூணோடு பிடித்துக்கொண்டிருப்பது ஆணியின் பிடிப்பு மட்டும்தான். தூண் வெளியே இருந்திருந்தால் அதே தண்ணீர் பலகையைத் தூணின் மேல் அழுத்தியிருக்கும், ஆணிக்கு வேலையே இல்லை. மாட்டுவண்டியில் நெல் ஏற்றும்போது முளைக்குச்சியைப் பலகைக்கு வெளியேதான் நடுகிறோம். வருடத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற விஷயம்.

மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுந்த ஆணியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். “மரம் தாங்கும் தம்பி, ஆணிதான் தாங்கல” என்றார். பிறகு தொட்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பேசவில்லை. எனக்கு மேலே ஒரு இரும்புப் பட்டை சுற்றி இறுக்கினால் போதும் என்று தோன்றியது, சொன்னேன். “தள்ளறது கீழ. நீங்க கட்டறது மேல” என்றார். சரிதான். தூணின் தலையையும் காலையும் பிடித்தால் விசையில் மூன்றில் இரண்டு பங்கு காலுக்கு வரும், ஒரு பங்குதான் தலைக்கு. அவர் கணக்குப் போடவில்லை, பார்த்துச் சொன்னார்.

அவர் யோசனை கட்டில். பழைய காலத்துக் கட்டிலில் சட்டம் காலைத் துளைத்து மறுபக்கம் வெளியே வரும், அதில் ஆப்பு அடித்திருப்பார்கள். இழுக்க இழுக்க ஆப்பு இறுகுமே தவிர விடாது. அதையே இங்கே செய்தார். பழைய வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த வேப்பஞ்சட்டம் இரண்டு. அவற்றைத் தொட்டியின் அடியில், தரையில் பரப்பிய மணலுக்குக் கீழே, அகலவாட்டில் படுக்க வைத்தோம். முனைகள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் தூணைத் துளைபோட்டு மாட்டி, வெளியே ஆப்பு. ஆப்புத் துளைக்கு அப்பால் சட்டம் நாலு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நார் வாக்கில் பிளந்துகொண்டு ஆப்பு வெளியே வந்துவிடும். இந்த நாலு அங்குலத்துக்காக என்னைச் சட்டத்தை மறுபடி வெட்டவே விடவில்லை. “நீட்டிக்கிட்டு நிக்குதே அண்ணே, கால்ல இடிக்குமே” என்றால், “இடிச்சாத்தான் ஞாபகம் இருக்கும்” என்கிறார்.

நீளப் பக்கத்துக்கு ஒரு தூண் போதும் என்று என் கணக்கு சொன்னது. ஆசாரி இரண்டு என்றார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை, பக்கத்துக்கு இரண்டு. நாலடிப் பக்கத்துக்குத் தூண் தேவைப்படவில்லை. மூலைகளுக்கு வெளியிலிருந்து இரண்டு அங்குல இரும்பு எல் ஆங்கிள், பலகைக்கு இரண்டு போல்ட், உள்பக்கம் தலை தட்டையான போல்ட்டும் அகல வாஷரும். ஆணியைப் போல் இதைப் பிடுங்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும், அதற்கு 450 கிலோ காணாது. மேலே சுற்றிலும் ஆறு அங்குலப் பலகையைப் படுக்க வைத்துத் தூண் தலையோடும் மூலையோடும் போல்ட் போட்டோம். அம்மா உட்காரும் திண்ணையும் அதுதான், தூண்களின் தலையைப் பிடித்திருக்கும் சட்டமும் அதுதான். பலகையை நிற்க வைத்திருந்தால் வளைந்திருக்கும். படுக்க வைத்தால் அதன் அகலம் முழுவதும் தள்ளலுக்கு எதிராக நிற்கும்.

கரையானுக்காக அடிப்பலகை மண்ணைத் தொடாமல் கடப்பாக்கல் துண்டுகள் மேல் உட்கார வைத்தோம். மட்டம் பார்க்க ரசமட்டம் நம்பவில்லை, எட்டடி நீளத்துக்கு அது சரிவராது. கொத்தனார்கள் வைத்திருக்கும் கண்ணாடி டியூபில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மட்டம் அரை அங்குலம் தப்பினாலும் தண்ணீர் நிரம்பியபின் ஒரு பக்கம் விளிம்பு மேலேயும் மறுபக்கம் கீழேயுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பொய்யே சொல்லாத மட்டம் தண்ணீர்தான், கட்டும்போதும் சரி, கட்டி முடித்த பிறகும் சரி.

இரண்டாவது தடவை நிரப்பும்போது நூல் கட்டியே வைத்திருந்தேன். முழு இரண்டடி. நூலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தீக்குச்சிக் கனம். ராத்திரி டார்ச் அடித்து மூன்று தடவை பார்த்தேன், அதே தீக்குச்சி. ஆசாரி காலையில் வந்து பலகையைச் சுண்டிப் பார்த்தார். வெறும் தொட்டியாக இருந்தபோது டொம் என்றது, இப்போது டிக் என்றது.

மீனைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன், தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுடையது போர் தண்ணீர். மாநகராட்சித் தண்ணீர்போல குளோரின் தொல்லை இல்லை என்று நினைத்துக் குழாயிலிருந்து நேராக நிரப்பிய மறுநாளே நாலு மீனை விட்டேன். ஒரு மணி நேரத்தில் நாலும் மேலே வந்து வாயைப் பிளந்தன. பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு அதிகம். அள்ளி வேறு அண்டாவில் விட்டுவிட்டு, ஓட்டை போட்ட பைப்பில் மூன்றடி உயரத்திலிருந்து தண்ணீர் சொட்டி விழும்படி மோட்டாரை இரண்டு நாள் சுற்றவிட்டேன். அதன் பிறகு பிரச்சினை இல்லை.

சுற்றவிட்ட மோட்டார் ஏர் கூலரில் போடும் 18 வாட் மோட்டார். கடையில் மீனுக்கென்று விற்பதைவிட மலிவு, எங்கேயும் கிடைக்கும். பழைய பெயிண்ட் வாளியில் செங்கல் ஜல்லியும் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரும் போட்டு அதுதான் ஃபில்டர். நைட்ரஜன் சுழற்சி என்று சொல்வார்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், வேறொன்று நைட்ரேட்டாக்கும். இவை அந்த ஜல்லியில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எனக்குத் தெரியும். தெரிந்தும் காமெட் என்கிற தங்கமீன் வகையில் பத்தை ஒன்றாக விட்டேன், தங்கச்சி மகள் வேறு தினமும் இட்லி போட்டாள். மூன்றாவது வாரம் மூன்று மீன் போய்விட்டன. மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றி, இட்லிக்குத் தடை போட்டு, மிச்சம் ஏழும் தேறின. ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரில் மின்சாரம் வைக்கிறவர்கள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் வைக்காதீர்கள். இருந்தாலும் கையை விடும்முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

சித்திரை வெயில் வேறு விதமாகச் சோதித்தது. குழித் தொட்டியை மண் குளிர்ச்சியாக வைத்திருக்கும், தூக்கிக் கட்டினால் நாலு பக்கமும் சூடு ஏறும். மதியம் இரண்டு மணிக்கு 34 டிகிரி காட்டியது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் 7.5தான். மீன்கள் மதியம் தாக்குப்பிடித்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு மூச்சு வாங்கின. ராத்திரி பூராவும் பாசியும் செடியும் சேர்ந்து மூச்சு விடுவதால் இருந்த கொஞ்சமும் தீர்ந்திருக்கும். மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டி, அல்லி இரண்டு தொட்டி இறக்கி, ஏரியிலிருந்து வேலம்பாசி அள்ளிப் போட்ட பிறகு 31க்கு இறங்கியது. ஆகாயத்தாமரையும் பக்கத்துக் குட்டையிலேயே கிடைத்தது, தொடவில்லை. அதை ஏரியிலிருந்து எடுக்க ஊர் பட்ட பாடு தெரியும்.

வேலம்பாசியோடு கூடவே தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு வைத்த குட்டி மீன்கள் ஆறேழு வந்துவிட்டன. பையன்கள் முண்டக்கண்ணி என்பார்கள். தண்ணீர் மட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், கொசுப்புழு கண்ணில் பட்டால் விடாது. கொசுப்புழு பார்க்க வரும் அக்கா ஜூன் மாதம் டார்ச்சோடு வந்தார். தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. பத்து நிமிடம் குனிந்து தேடிவிட்டு ஒன்றும் கிடைக்காமல், கொட்டகைப் பக்கம் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில் நாலு புழுவைக் கண்டுபிடித்து எனக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போனார்.

அப்புறம் நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்களுக்கு அளவு தெரியாது, வாசலில் வைத்த அண்டா நிரம்பி வழிந்தது. தொட்டியின் வாய் 32 சதுர அடி. அதில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 30 லிட்டர். விளிம்புக்குக் கீழே ஒரு அங்குல டேங்க் நிப்பிள் போட்டு வழிந்தோட விட்டிருந்தேன், கணக்குப்படி அது தாராளம். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தால் நிப்பிள் வாயில் ஒரே ஒரு பலா இலை, பொட்டு வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நாலு பக்கமும் விளிம்பைத் தாண்டி வழிகிறது. குடையைப் போட்டுவிட்டு இலையைப் பிடுங்கினேன். காலையில் எண்ணினால் காமெட் ஐந்து. ஒன்று வாழைப்பாத்திச் சேற்றில் உயிரோடு கிடந்தது, எடுத்து விட்டேன். இன்னொன்று கிடைக்கவில்லை. அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஆற்றோரத்து ஊர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் என் மீனைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின் நிப்பிளை ஒன்றரை அங்குலமாக மாற்றி, அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பூக்கூடையைக் கவிழ்த்துக் கட்டினேன். இலை கூடையில் ஒட்டினாலும் மிச்ச ஓட்டைகள் வழி தண்ணீர் போய்விடும்.

அந்த வழிதலில்தான் வெள்ளைப் பலகை மாட்டியது. ஷீட்டுக்கு வெளியே, பேனருக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் வடிய வழியில்லாமல் அடிவரிசையில் தேங்கிவிட்டது. உள்ளே இருக்கும் 1,800 லிட்டர் மரத்தை ஒன்றும் செய்யவில்லை, அது ஷீட்டுக்குள் இருக்கிறது. மடிப்பில் நின்ற நாலு டம்ளர் தண்ணீர் செய்துவிட்டது. தை மாதம் வடக்குப் பக்கம் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். வைரத்தில் முனைகூட இறங்கவில்லை. வெளிர் ஓரத்தில் அரை அங்குலம், வெண்ணெயில் போவதுபோல. இழுத்தபோது முனையில் ஈரமான மஞ்சள் தூள், அதோடு ஒரு கரையான்.

ஆசாரிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். “எந்தப் பலகை தம்பி?” என்று மட்டும் கேட்டார். எது என்று அவருக்குத் தெரியும். பங்குனியில் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கம் பலகைக்கு அடியில் கடப்பாக்கல் இடுக்கில் காற்றுப் போக நாலு இடத்தில் துளை போட்டு வைத்திருக்கிறேன். நூலையும் மறுபடி கட்டியிருக்கிறேன். இன்று காலை வரை தீக்குச்சிக் கனம்தான்.